பாட்டிலில் ரெண்டு கோடு

வா வாங்கறான். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா வச்சு, வெரல மடக்கி மடக்கி, கோழியக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறான். கோழிய எதுக்குக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும். அதுலயும் இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. வருவேன்டா, வராம எங்க போகப் போறேன், ரிவர்ஸ்லயே போடி வரைக்கும் எறங்க முடியுமா என்ன, ஆனா நீ எதுக்குச் சிரிக்கிற. சிரிக்கலையோ. மேல் பல்லு ரெண்டு போனதுலருந்து ஜீப்புக்கு முன்னாடி கை காட்டுற இந்த எபி சும்மா நின்னாலும் சிரிக்கிற மாதிரியேதான் இருக்கும். அந்தப் பல்லு போனதும் இதே எடத்துலதான். சாஞ்சாம்பாறை. மேல்முட்டத்துக்குப் போற ஜீப்புத் தடம் முழுக்கச் சேறும் கல்லுமா கெடக்கும், அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல, இந்த ஒரு எடத்துலதான் தடமே இருக்காது. மண்ணு முடிஞ்சு வெறும் பாறை. எரும ஒருக்களிச்சுப் படுத்திருக்கிற மாதிரி பாறை, அது விலாவுல நாம குறுக்க போகணும். இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம், ஸ்டியரிங்கு வலது பக்கம், அதனால பள்ளத்துக்குப் பக்கத்து சீட்டுல யாருன்னு கேட்டா நான்தான். ராத்திரி பெஞ்ச மழை பாறையில இன்னும் மினுங்குது. கீழ, ரொம்பக் கீழயும் இல்ல, ஒரு தென்னமர ஒசரம் இருக்கும், பழைய ஏலக்கா ஸ்டோரு இடிஞ்சு கெடக்கிற திட்டு. எபி ஓட்டுன அன்னைக்கு இந்த ஜீப்பு ரெண்டு பல்டி அடிச்சு அந்தத் திட்டுல போய்த்தான் படுத்துச்சு. இதே ஜீப்பு. இதே சீட்டு. சீட்டுல இன்னும் அவன் குண்டி பதிஞ்ச பள்ளம் இருக்கு, நான் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன். வா வாங்கறான்.

"என்ன மாப்ள, நின்னுட்ட?" இடது பக்க சீட்டுல மொக்கைச்சாமி மாமா, அவருக்கு ஊர்ல எல்லாரும் மாப்ளதான். பொண்ணுக்குத் தாய்மாமன். நாளைக்குக் கல்யாணம், சீர் இன்னைக்கே மேல போயாகணும், பாத்திரம் பண்டம் எல்லாம் முன்னாடி போன ஜீப்புல போயிருச்சு, எனக்குன்னு மிச்சம் வச்சது பீரோ. ஸ்டீல் பீரோ, மயில் கழுத்துக் கலரு, கதவுல ஆளு ஒசரத்துக்குக் கண்ணாடி. அதைப் படுக்க வச்சு ஏத்துங்கன்னு காலையில சொன்னதுக்கு மாமா என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் என்னமோ பொண்ணையே பாடையில ஏத்தச் சொன்ன மாதிரி. "சீர் பீரோ படுத்துப் போகாதுப்பு. வீட்டுலருந்து படுத்துப் போறது ஒன்னே ஒன்னுதான்." சரி, நிக்க வை. கண்ணாடியாச்சும் பின்னாடி பாக்கட்டும்னேன். அதுவும் கூடாதாம், போற வீட்டைப் பாத்துத்தான் போகணுமாம், திரும்பிப் பாத்துட்டுப் போனா பொண்ணு திரும்பி வந்துருமாம். அதனால ஜீப்போட மேல் துணியக் கழட்டி, பின்னாடி நட்ட நடுவுல பீரோவ நிக்க வச்சு, நாலு பக்கமும் கயித்தக் கட்டி, கோயில் கோபுரத்தைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வந்துக்கிட்டு இருக்கேன். கூடவே பேச்சியத்தை, பொண்ணோட அத்தை, பீரோ கைப்பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. பீரோ அத்தையத் தாங்குதா, அத்தை பீரோவத் தாங்குதான்னு தெரியல. பின்னாடி பாக்குற கண்ணாடிய நிமுந்து பாத்தா ரோடு தெரியல, பீரோ கண்ணாடிதான் தெரியுது, அதுக்குள்ள என் பின்மண்டை. என் பின்மண்டையை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. பயந்தவன் மண்டை மாதிரி இருக்கு. அதுக்கும் அங்கிட்டு குட்டியா எபி. முன்னாடி ஒரு எபி, கண்ணாடியில ஒரு எபி, ரெண்டு பேரும் வா வாங்கறாங்க. ஒருத்தன நம்புறதே பெரும்பாடு.

பாட்டிலப் பாக்கணும். பாட்டிலுதான் எங்க மலையில சாய்மானத்துக்கு அளவு. குவாட்டர் பாட்டில்ல பாதித் தண்ணி ஊத்தி, நீலச் சொட்டு ரெண்டு விட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னாடி நட்டமா ஒட்டியிருக்கும். வண்டி வலது பக்கம் சாஞ்சா பாட்டிலும் சாயும், தண்ணி சாயாது, அதனால வலது ஓரத்துல தண்ணி ஏறுற மாதிரித் தெரியும். எது வரைக்கும் ஏறலாம்னு நகப்பூச்சுல ஒரு கோடு. கோட்டைத் தொட்டா நிறுத்து, தாண்டுனா சாமியக் கும்பிடு. இந்தக் கோட்டைப் போட்டதும் எபிதான், அவன் டிரைவரா இருந்தப்ப. நான் வந்தப்புறம் அந்தக் கோட்டை அழிச்சதும் இல்ல, தண்ணி மாத்துனதும் இல்ல. அப்படியிருக்க, இப்பப் பாத்தா ரெண்டு கோடு இருக்கு. மேல பழைய கோடு, வெளிறிப்போய், செங்கல் கலர்ல. அதுக்குக் கீழ, ஒரு வெரக்கடை கீழ, புதுசா ஒன்னு. செவப்புன்னா செவப்பு, இப்பத்தான் அறுத்த மாதிரி. காலையில பீரோ கட்டுற அவசரத்துல பாக்கல. யாரு போட்டது? பேச்சியத்தை நகத்துல பூச்சு இல்ல. மாமா நகத்துல மண்ணுதான் இருக்கு. கயித்தக் கட்டுனது நானு, வண்டிக்குள்ள ஏறி எறங்குனது எபி. அவன்தான். எதுக்கு? யோசிடா தவசி. கோட்டை மேல போட்டிருந்தான்னா கவுத்தப் பாக்குறான்னு அர்த்தம், அது கொலைக் கேசு, புரியுது. கீழ போட்டிருக்கான். கீழ போட்டா என்ன ஆகும், நான் பாதிப் பாறையில தண்ணி தொட்டுருச்சுன்னு நிறுத்துவேன், மாமாகிட்ட எறங்குங்கன்னு சொல்லுவேன், சீர் நேரம் தப்பும், மாப்ள வீட்டுக்காரங்க எல்லாம் வந்து நின்னு பாப்பாங்க, தவசி பாதியில நடுங்கிட்டான்டான்னு மேல்முட்டத்துல இருந்து போடி வரைக்கும் பேசுவாங்க. எபி பேச வேண்டியதே இல்ல, அந்தப் பல்லில்லாத வாய வச்சுக்கிட்டு நின்னாப் போதும். அவனுக்குக் கோவம் இருக்கும்ல. டீக்கடையில அவன் கவுந்த கதைய நான் நடிச்சுக் காட்டாத நாளு இல்ல. சைடு ஸ்டாண்டுன்னு பேரு வச்சது நான்தான். வண்டி சைடுல படுத்துச்சு, அப்புறம் இவன் ஒரு காலச் சாச்சு நடக்க ஆரம்பிச்சான், ரெண்டுக்கும் ஒரே பேரு, எனக்கே நான் சபாஷ் சொல்லிக்கிட்ட பேரு. சைடு ஸ்டாண்டு எபி. அவனும் டீ குடிச்சுக்கிட்டே பாப்பான், ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். சொல்லாதவன நம்பக் கூடாது. திட்டிட்டான்னா தீந்துச்சு, டீய முழுசாக் குடிச்சுட்டு கிளாஸைக் கழுவி வச்சுட்டுப் போறவன் மனசுக்குள்ள என்ன வச்சிருப்பான்.

போறேன். நாலு வீலும் இழுக்குற கம்பியத் தள்ளி, லோ கியரப் போட்டு, கிளட்ச விடுறேன். முன் டயரு மண்ணுலருந்து பாறைக்கு ஏறுற சத்தம், செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல நடக்குற மாதிரி. சாயுது. மெல்ல மெல்லச் சாயுது, மொதல்ல இடுப்புல ஒரு கூச்சம், அப்புறம் சீட்டு நம்மள விட்டு நழுவுற மாதிரி. மாமா என் மேல சரியிறாரு. "மாமா, மேட்டுப் பக்கம் சாயுங்க." "அதுதான்யா சாயிறேன்." "அது என் தோளு." முன்னாடி எபி பின்பக்கமா நடக்குறான், ஒரு காலு நல்லா வைக்கிறான் ஒரு காலு இழுக்குறான், கண்ணு என் மூஞ்சில இல்ல, டயருலயும் இல்ல, மேல எங்கயோ பாக்குறான். பீரோவப் பாக்குறானோ. பாலிடெக்னிக்குல ஒரு சார் இருந்தாரு, போர்டுல ஒரு வண்டிய வரைவாரு, வயித்துல ஒரு கூட்டல் குறி போடுவாரு, இதான் மொத்த வெயிட்டும் உக்காந்திருக்கிற புள்ளி, இங்கருந்து ஒரு கல்லக் கயித்துல கட்டித் தொங்கவிட்டா அது ரெண்டு டயருக்கும் நடுவுல விழுந்துச்சுன்னா வண்டி நிக்கும், டயருக்கு வெளிய விழுந்துச்சுன்னா, அப்படின்னு நிறுத்திட்டு எங்களப் பாப்பாரு. எல்லாப் பயலும் ஒரே குரல்ல, கவுந்துரும் சார். அடுத்து, இப்ப வண்டி மேல லோடு ஏத்துனா புள்ளி எங்க போகும்னு ஒரு கேள்வி போட்டாரு. அதுக்குப் பதில் எழுதுறதுக்குள்ள நான் வெளிய வந்துட்டேன். வகுப்ப விட்டு இல்ல, காலேஜ விட்டே. உக்காரவே முடியல அங்க, நாற்காலி சுடும் எனக்கு. வந்ததுக்கு வருத்தமெல்லாம் இல்ல, ஆனா அந்த ஒரு பதில வாங்கிட்டு வந்திருக்கலாம். தண்ணி ஏறுது. பாட்டில் ஓரத்துல நீலமா நக்கிக்கிட்டே ஏறுது. செவப்புக் கோட்டுக்கு இன்னும் கொஞ்சம். எபி கைய உசத்துறான். நில்லுங்கறான். தண்ணி கோட்டைத் தொட்டுருச்சு. பாரு, பாரு, ரெண்டும் ஒரே நேரத்துல. அவனே கோடு போடுவானாம், அவனே நில்லும்பானாம். பேசி வச்ச மாதிரி. பழைய கோட்டுக்கு இன்னும் ஒரு வெரக்கடை எடம் கெடக்கு, இத்தனை நாளா அந்தக் கோட்டுக்குத்தான் நான் போனேன் வந்தேன், ஏலக்கா மூட்டை ஏத்திட்டுப் போனேன், ஆளுகள ஏத்திட்டுப் போனேன், கவுந்தா போச்சு? மூட்டை தரையில கெடந்துச்சு. ஆளுக உக்காந்திருந்தாங்க. உக்காந்திருந்தாங்க. இது நிக்குது. சரி நின்னா என்ன. என்னைய நடுங்க வைக்கப் பாக்குறான். நான் நிக்கல. காலு ஆக்சிலேட்டர்லதான் இருக்கு.

அப்பத்தான் சத்தம் மாறுது. நாலு டயரு பாறையப் பிடிச்சுக்கிட்டு உருளுறதுக்கு ஒரு சத்தம் உண்டு, பல்ல நறநறன்னு கடிக்கிற மாதிரி, அதுல ஒரு பல்லு விட்டுப்போச்சு. பின்னாடி இடது டயரு சும்மா சுத்துது. காத்துல சுத்துது. பேச்சியத்தை கத்தல, கத்துனாக் கூடப் பரவால்ல, "ஏய்யா" அப்படின்னு ரொம்ப மெதுவாச் சொல்லுது, "ஏய்யா தவசி, எனக்குக் கீழ தரை தெரியுது." பீரோ கயித்துல முனகுது. உள்ள ஏதோ ஒரு தட்டு கழண்டு டங்குன்னு வலது பக்கம் வந்து இடிக்குது, அந்த இடி என் முதுகுத்தண்டுல விழுகுது. கண்ணாடியில என் பின்மண்டை காணோம். பாறை தெரியுது, அப்புறம் பள்ளம் தெரியுது. இப்பத் தெரிஞ்சுபோச்சு சார், புள்ளி மேல போகும் சார், மேல போகும், லோடு நின்னா புள்ளியும் எந்திரிச்சு நிக்கும், கயித்துக் கல்லு டயருக்கு வெளிய விழும். கையி தன்னால ஸ்டியரிங்க மேட்டுப் பக்கம் இழுக்கப் பாக்குது. மேடுதான் வீடு, மேடுதான் அம்மா, ஒடம்புல ஒவ்வொரு மசுரும் மேட்டுக்குப் போங்குது. எபி ஓடி வர்றான். இழுக்குற காலோட ஓடி வர்றான், ரெண்டு கையையும் வச்சு வெட்டுறான், மேட்டப் பாத்து இல்ல, பள்ளத்தப் பாத்து. கீழ. கீழ திருப்பு. "கீழ ஒடி! கீழ ஒடிடா!" பள்ளத்துக்குள்ள விடச் சொல்றான். தாயோளி, இதுக்குத்தானா. இதுக்குத்தான் டீயக் குடிச்சுட்டுக் கிளாஸைக் கழுவி வச்சியா. என் நடிப்புல அதுதான உச்சக்கட்டம், எபி கண்ண முழிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கப் பள்ளத்தப் பாத்து ஒடிப்பான், கடையே சிரிக்கும், மேட்ட விட்டுட்டுப் பள்ளத்துக்குத் திருப்புன கூமுட்டைடா இவன்னு. அதை அப்படியே எனக்குத் திருப்பிக் குடுக்குறான். நீ நடிச்சத நீயே செய்யிடாங்கறான். மூணு உசுரு கெடக்கு வண்டியில, என்னது கணக்குல வராட்டியும் ரெண்டு. மாமா என் முழங்கையப் பிடிச்சு மேட்டுப் பக்கம் இழுக்குறாரு, "மேல திருப்புய்யா மேல". எபி மூஞ்சி தெரியுது. பக்கத்துல தெரியுது. சிரிக்கல. வாயி தொறந்திருக்கு, அந்தப் பல்லுப் போன ஓட்டைக்குள்ள கருப்பு, ஒடம்பு ஜீப்புக்கு மேட்டுப் பக்கம் போகாம நேரா எனக்கு முன்னாடி, நான் கீழ ஒடிச்சா அவன் மேல ஏறும், அந்த எடத்துல நின்னுக்கிட்டு கீழங்கறான். கவுக்க நெனைக்கிறவன் வண்டிக்குக் கீழ நிப்பானா? நிக்க மாட்டான். நிப்பானோ? நேரம் இல்ல. ஒடிச்சேன். கீழ.

மூக்கு பள்ளத்தப் பாத்துத் திரும்புச்சு, அவ்வளவுதான், தூக்கியிருந்த டயரு டொம்முன்னு பாறையில உக்காந்துச்சு. எபி ஒரு எட்டு விலகிப் படுத்தான், டயரு அவன் சட்டைய உரசிட்டுப் போச்சு. சாய்மானம் இல்ல. பள்ளம் நேரா முன்னாடி இருந்துச்சு, ஆனா நேரா இருக்கிற பள்ளம் ஒன்னும் பண்ணாது, ஏணியில எறங்குற மாதிரிதான், லோ கியர் இழுத்துப் பிடிக்க, பிரேக்குல கால வைக்காம, எறங்குனேன், எறங்குனேன், இடிஞ்ச ஏலக்கா ஸ்டோரு செவுத்துக்கு முன்னால திட்டுல போய் நின்னேன். எஞ்சின ஆஃப் பண்ணா ஒரே பூச்சிச் சத்தம். பாட்டில்ல தண்ணி ஆடிக்கிட்டே இருந்துட்டு நடுவுல வந்து ஒன்னும் தெரியாத புள்ள மாதிரி நின்னுச்சு. மாமா மொதல்ல கேட்டது, "பீரோ நிக்குதா?" பேச்சியத்தை எறங்கி, சேலையத் தட்டிவிட்டுட்டு, பீரோவ ஒரு மிதி மிதிச்சுச்சு. எபி பாறையில குண்டிய வச்சுச் சறுக்கிக்கிட்டே வந்து சேந்தான். மொழங்கையில தோலு இல்ல. நான் பாட்டிலக் காட்டுனேன். "இந்தக் கோடு நீதான போட்ட?" "பீரோவ நிக்க வச்சு ஏத்துனீங்கள்ல, அப்பவே போட்டேன். நிக்கிற லோடுக்குப் பழைய கோடு ஆகாது." "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" "சொன்னா எதுத்து ஒரு கதை கட்டுவ. சாயங்காலம் நடிச்சுக் காட்டுவ. கோடு போட்டா கோட்டோட மல்லுக்கட்டட்டும்னு விட்டேன்." அப்படித்தான் மல்லுக்கட்டுனேன். எனக்கு ஒன்னு கேக்கணும்போல இருந்துச்சு, இத்தனை நாள் அவன் கதைய நடிச்சுக் காட்டுன நான் ஒரு தடவகூட இதைக் கேக்கல. "அன்னைக்கு நீ எந்தப் பக்கம்டா ஒடிச்ச?" எபி மொழங்கைய எச்சில் தொட்டுத் துடைச்சான். "மேல. எல்லாரும் மேலதான ஒடிப்பாங்க." அப்ப அவன் பள்ளத்துக்கு ஒடிக்கவே இல்ல. கடையே சிரிச்ச சீனு நானா வச்சது.

பாறையத் திரும்பத் தாண்டணும், வேற வழி இல்ல. திட்டுலருந்து பழைய தடம் சுத்திக்கிட்டுப் போய், பாறைக்கு நாங்க வந்த பக்கமே ஏறும், மறுபடி மொதல்லருந்து. "படுக்க வைக்கணும் மாமா," நான். "சீர் பீரோ..." மாமா. "கம்பெனியிலருந்து போடிக்கு லாரியில எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? டிக்கெட்டு எடுத்து நின்னுக்கிட்டா?" மாமா வாயத் தொறக்கிறதுக்குள்ள பேச்சியத்தை, "இந்தாங்க, தரையப் பாத்தவ நானு. படுக்க வையுங்க. ஊரு எல்லையில நிமித்திக்குவோம், எவன் பாக்கப் போறான்." கயித்த அவுத்து, ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சு, கண்ணாடி மேல பாக்குற மாதிரிப் படுக்க வச்சோம். மாமா போற பக்கம் தலை வரணும்னு மட்டும் சொன்னாரு, எது தலைன்னு பீரோவுக்கும் தெரியல எங்களுக்கும் தெரியல. சாவிய எபிகிட்ட நீட்டுனேன். "நீ ஓட்டுறியா?" நீட்டுன கை நெசமா நீட்டுச்சா, வேண்டாம்பான்னு தெரிஞ்சு நீட்டுச்சான்னு எனக்கே நிச்சயமாத் தெரியல. அவன் சாவியப் பாக்கவே இல்ல. "நீ ஓட்டு. நான் கை காட்டுறேன்," அப்படின்னு கால இழுத்துக்கிட்டு மேல நடந்தான்.

இப்ப மறுபடி பாறை. மறுபடி சீட்டுல அந்தப் பள்ளம். பின்கண்ணாடியில என் மண்டை இல்ல, ரெண்டாவது எபி இல்ல, படுத்துக் கெடக்குற கண்ணாடியில வெறும் வானம், ஒரு மேகம் வண்டிக்குள்ள ஏறிக் கூடவே வருது. வா வாங்கறான். டயரு பாறையில ஏறுது. சாயுது. மாமா இந்தத் தடவை மேட்டுக் கம்பியத்தான் கட்டிப்பிடிச்சிருக்காரு. தண்ணி ஏறுது, செவப்புக் கோட்டுக்கு நல்லாக் கீழயே தயங்கி நிக்குது. பாட்டிலும் போங்குது, எபியும் வாங்கறான். ரெண்டும் ஒன்னாச் சொல்லுது. ரெண்டும் சேந்து ஏமாத்துதோ? இருக்காது. இருந்தாலும். நாளைக்கு டீக்கடையில கேப்பானுங்க, என்னடா தவசி, எந்தப் பக்கம் ஒடிச்சன்னு. கீழன்னு சொன்னா சிரிப்பானுங்க. எதுக்குச் சிரிக்கணும்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். நடுப்பாறை. போன தடவை டயரு தூக்குன எடம் இதுதான், பாறையில கருப்பா ரப்பர் தடம் இருக்கு, அது பக்கத்துல அவன் படுத்த எடத்துல கொஞ்சம் ரத்தம். எபி திடீர்னு கைய உசத்துறான். நில்லு. தண்ணி கோட்டைத் தொடல. கல்லு ஒன்னும் தெரியல. சத்தம் மாறல. எதுக்கு நில்லுங்கறான்னு எனக்குத் தெரியல, இந்தத் தடவை மல்லுக்கட்டல, பாறையில சாஞ்சபடி, கிளட்ச மிதிச்சு, பிரேக்க மிதிச்சு, நின்னேன்.